நாற்பது முகங்களில் இல்லாதது

நாற்பது முகங்களில் பதினேழைச் சுகந்தி தவறாகச் சொன்னாள்.

திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆண், பெண், கிழவர், குழந்தை. ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி. சிரிப்பு, அழுகை, கோபம், பயம், அருவருப்பு, ஆச்சரியம் என்று ஆறு பொத்தான்கள். அவள் தயங்காமல் அழுத்திக்கொண்டே போனாள். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் பிரிவில் இருப்பவள். கேமரா 'சரி' என்று தள்ளிவிட்ட துணியில்கூட விட்டுப்போன ஒரு தையலைத் தொட்டுக் காட்டுவாள். முகம் பார்ப்பது என்ன பெரிய வேலை என்றுதான் உட்கார்ந்தாள்.

டாக்டர் ஷம்ஷாத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பயம்தான் நமக்கு முக்கியம்கறதால பயந்த முகம் மட்டும் இருபது வெச்சிருந்தோம். அதுல பதினேழை நீங்க கோபம்னு சொல்லியிருக்கீங்க."

"கோவமாத்தானுங்க இருந்துச்சு. முறைச்சுப் பாக்கறாங்க எல்லாரும்."

"இல்லம்மா. பயந்திருக்காங்க."

சுகந்திக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி காட்டச் சொன்னாள். ஓர் இளம்பெண்ணின் முகம் வந்தது. கண்கள் அகன்று, புருவம் ஏறி, உதடு இழுபட்டிருந்தது. திமிர் பிடித்தவள் என்றே தோன்றியது.

"அப்ப என்ற புள்ளைக்குத் துணையாளா நான் உக்கார முடியாதுங்களா?"

"முடியாதும்மா. மிதுனாவுக்கு எது இல்லையோ, அதேதான் உங்களுக்கும் குறைவா இருக்கு. உங்க தப்பு இல்ல. சிலருக்குக் காது மந்தமா இருக்கற மாதிரி."

மிதுனா சுகந்தியின் ஒரே மகள். வயது பதினைந்து. தகப்பன் பிரிந்துபோய் பெங்களூரில் வேறு குடும்பமாகி ஒன்பது வருடம் ஆகிறது. போன ஆவணி மாதம் பள்ளிக்கூட மாடியில், கூடப் படிக்கும் அக்ஷிதாவைக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி உட்காரச் சொல்லி, இறங்கவிடாமல் தோளைப் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளித் தள்ளி ஆட்டியிருக்கிறாள். நாலைந்து நிமிடம். கடைசியில் பிடி நழுவிவிட்டது. அக்ஷிதா பிழைத்தாள். இடுப்பெலும்பு மூன்றாக உடைந்து, இன்னும் ஊன்றுகோலோடு நடக்கிறாள்.

"வெளையாட்டுக்குத்தான் செஞ்சேன். அவ சிரிச்சுட்டுத்தான் இருந்தா" என்றாள் மிதுனா, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால். எத்தனை முறை கேட்டும் அதே பதில். அக்ஷிதா சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டட மாடியிலிருந்து ஒரு பையன் எடுத்த வீடியோவில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. அந்த வீடியோவை மிதுனாவுக்கே போட்டுக் காட்டினார்கள். "பாருங்க, சிரிக்கிறா" என்றாள். அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிறாருக்கான கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியபோதே, விருப்பமிருந்தால் இந்தப் பயிற்சியில் சேரலாம் என்றார்கள். டாக்டர் ஷம்ஷாத் விளக்கினார். அடுத்தவர் முகத்தில் பயத்தைக் கண்டதும் நம் மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ஓர் இடம் துடிக்கிறது. அதனால்தான் நமக்கும் வயிற்றைப் பிசைகிறது, கை தானாக நின்றுவிடுகிறது. மிதுனாவுக்கு அந்த இடம் மௌனமாக இருக்கிறது. அவள் பக்கத்தில், நன்றாகத் துடிக்கிற ஒருவரை உட்காரவைத்து, இருவருக்கும் ஒரே முகத்தைக் காட்டி, அவர் மூளையில் எழும் துடிப்பை இவளுக்குள் மெல்லச் செலுத்துவார்கள். காதுக்குப் பின்னால் பொட்டு அளவில் ஒரு பட்டை, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் இவள் மூளை தானாகவே துடிக்கப் பழகிவிடும். கடைசிவரை ஒரே துணையாள்தான் இருக்க வேண்டும்.

அந்தத் துணையாள் தானாகத்தான் இருக்க முடியும் என்று சுகந்தி நினைத்திருந்தாள். பெற்றவளைத் தவிர வேறு யார்?

வேறு ஒருத்திதான் வந்தாள்.

பிலோமினாவுக்கு நாற்பத்தெட்டு வயது. திண்டுக்கல் பக்கத்துக்காரி. அவிநாசி ரோட்டில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். நாற்பதுக்கு நாற்பதும் சரியாகச் சொன்னவள்.

"இருபத்தி ரெண்டு வருஷமா இதே வேலைதாம்மா. வாயத் திறந்து வெச்சிருக்கற ஆளு எங்க வலிக்குதுன்னு பேசவா முடியும்? மூஞ்சியப் பாத்துத்தான் டாக்டர் கைய நிறுத்தணும்" என்று சிரித்தாள். குழந்தை இல்லை. கணவர் இறந்து நாலு வருடம். செய்தித்தாளில் துணையாட்கள் தேவை என்று பார்த்து, வாரம் இரண்டு நாள் வருகிறேன் என்று எழுதிப் போட்டிருக்கிறாள்.

சுகந்தி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கப் போவாள். முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் மாதம் மிதுனா பேசும்போது தலையை இடது பக்கம் சாய்க்க ஆரம்பித்தாள். சுகந்தி தன் முழங்கை புண்ணாகியிருப்பதைச் சொன்னபோது நாக்கை மடித்து "ச்சு" என்றாள். இரண்டும் பிலோமினாவுடையவை. சுகந்தி அன்றைக்குக் கொண்டுபோன பலகாரத்தைப் பிரிக்காமலே கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

பஸ்ஸில் வரும்போது வயிற்றுக்குள் ஏதோ காந்தியது. பத்து மாதம் சுமந்தது நான், காய்ச்சலுக்கு ராவெல்லாம் ஈரத்துணி போட்டது நான், இப்போது எவளோ ஒருத்தியின் சுபாவத்தை என் பிள்ளையின் தலைக்குள் ஊற்றுகிறார்கள், நானே அதற்குக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். கம்பெனியில் அந்த வாரம் அவள் கைக்குத் தப்பி இரண்டு பீஸ் போய்விட்டது. சூப்பர்வைசர் வந்து கேட்டபோது எரிந்து விழுந்தாள்.

மூன்றாம் மாதம் பெற்றோர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள். லீவு போட்டுவிட்டுப் போனாள்.

உள்ளே மிதுனாவும் பிலோமினாவும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். திரையில் முகங்கள் வந்து போயின. பிறகு டாக்டர் அந்த மாடி வீடியோவைப் போட்டார். ஒலி இல்லை. அக்ஷிதாவின் முகம் மட்டும். பிலோமினா மூச்சை உள்ளிழுத்தாள். அரை விநாடி கழித்து மிதுனாவின் உடம்பு தூக்கிப்போட்டது.

"நிறுத்துங்க" என்றாள் மிதுனா. "நிறுத்துங்க, அவ சிரிக்கல. அவ சிரிக்கவே இல்ல."

பிறகு அழுதாள். கைது செய்தபோதும் அழாதவள், விசாரணையிலும் அழாதவள், நாற்காலியிலிருந்து சரிந்து பிலோமினாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். பிலோமினாவின் கை அவள் தலையைத் தடவியது. டாக்டர் ஷம்ஷாத் கண்ணாடிக்கு வெளியே பார்த்து, நல்லது நடந்துவிட்டது என்பதுபோலத் தலையசைத்தார்.

சுகந்தி கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மகள் திருந்துகிறாள் என்ற நினைப்பு அவளுக்கு வரவில்லை. அந்த மடி என் மடியாக இருந்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் வந்தது.

அடுத்த ஞாயிறு மிதுனா நாலு கால் பின்னலோடு வந்தாள். சுகந்திக்கு மூன்று கால் பின்னல்தான் தெரியும்.

"யாரு பின்னிவிட்டது?"

"பிலோமினாக்கா. மினாக்கான்னுதான் கூப்பிடுவேன். வெள்ளிக்கெழமை பின்னினாங்க, அவுக்காமயே வெச்சிருக்கேன். நல்லா இருக்காம்மா?"

"ரெண்டு நாளா தலை சீவாம இருக்கறயா?" என்றாள் சுகந்தி.

பயிற்சி நேரம் தவிரத் துணையாள் பிள்ளையைத் தொடக்கூடாது என்று விதி இருந்தது. ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அதைப் படித்திருந்தாள். அன்று மாலையே குழுமத்துக்குப் புகார் எழுதினாள். பின்னல் போட்டதை எழுதினாள். அது உண்மை. அது மட்டும் போதாது என்று தோன்றியது. 'தன்னை அம்மா என்று கூப்பிடும்படி என் மகளைக் கட்டாயப்படுத்துகிறார்' என்று இன்னொரு வரி சேர்த்தாள். அது பொய். அனுப்பிய பிறகு பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள்.

விசாரணை முடியும்வரை பிலோமினாவை நிறுத்திவைத்தார்கள். பயிற்சி நாலாம் மாதத்தில் நின்றது.

இரண்டு வாரத்தில் டாக்டர் ஷம்ஷாத்திடமிருந்து அழைப்பு வந்தது. சுகந்தி போனபோது மிதுனா பார்வையாளர் அறையின் மூலையில் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோளெலும்பு தெரிய இளைத்திருந்தாள்.

"என்ன கண்ணு இது? கண்ணு வலியா?"

"பாக்க முடியலம்மா" என்றாள் துண்டுக்குள்ளிருந்து. "எல்லாரும் பயந்துட்டே இருக்காங்க. இங்க முப்பத்தி ரெண்டு பேரு. சாப்பிடறப்பகூட பயந்துட்டேதான் சாப்பிடறாங்க. வார்டன் அக்காவும் பயந்துட்டுத்தான் திட்டறாங்க. முன்னாடி எனக்கு ஒண்ணும் தெரியாது, நிம்மதியா இருந்தேன்."

டாக்டர் சுகந்தியை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"பயத்தைப் பார்த்தா பிலோமினா மூளையில முதல்ல ஒரு திடுக். அடுத்த நொடியே ஒரு அமைதி வருது, 'சரி, நான் என்ன செய்யலாம்'னு. மிதுனா முதல் பாதியைக் கத்துக்கிட்டா. ரெண்டாவது பாதி வர்றதுக்குள்ள நின்னுபோச்சு. புதுசா ஒருத்தரைப் போட்டா முதல்லேர்ந்து தொடங்கணும், அதுக்கு அவ தாங்குவாளான்னு தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க எழுதினது சரிதானான்னு நான் கேட்க மாட்டேன். அது குழுமத்தோட வேலை. அவ நிலைமையை உங்களுக்குச் சொல்றது என் வேலை."

சுகந்தி உள்ளே திரும்பி வந்தாள். பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிதுனா துண்டை விலக்கினாள். தாயின் முகத்தையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நீதானம்மா எழுதின?"

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. மூஞ்சில இருக்குது."

"என்ன இருக்குது மூஞ்சில?"

"பேரு தெரியலம்மா. நாப்பது மூஞ்சியிலயும் இது இல்ல. மினாக்காவும் சொல்லித் தரல. ஆனா எனக்கு இது நல்லாத் தெரியும்." துண்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "அக்ஷிதா என்கூடத்தான் எப்பவும் இருப்பா. பிரணவி புதுசா வந்து சேந்தா. அதுக்கப்பறம் ரெண்டு பேரும்தான். டிபன் டப்பாகூட மாத்திக்குவாங்க. எனக்கு உள்ள எரிஞ்சுட்டே இருக்கும். அன்னிக்கு மாடில, பிரணவி பேர இனிமே சொல்ல மாட்டேன்னு சொல்லுடின்னேன். சொல்ல மாட்டேன்னா. அதுக்குத்தான் ஆட்டினேன். வெளையாட்டு இல்லம்மா. எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

ஒன்பது மாதமாகப் போலீஸ், வக்கீல், குழுமம், டாக்டர் என்று யார் கேட்டும் வராத பதில்.

"அதே எரிச்சல்தான உனக்கும்?" என்றாள் மிதுனா. குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பவள்போலக் கேட்டாள்.

சுகந்தி ஆமாம் என்றாள்.

மறுநாள் பல் டாக்டரிடம் போனாள். சிகிச்சை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்து படுத்திருக்க, பிலோமினா அவர் முகத்தைப் பார்த்தபடி டாக்டரின் முழங்கையை லேசாகத் தொட்டாள். இயந்திரம் நின்றது. பெரியவரின் இறுகிய விரல்கள் தளர்ந்தன. சுகந்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு செருப்பைக் கழற்றவும் தோன்றாமல் நின்றாள்.

வேலை முடிந்து பிலோமினா வெளியே வந்தாள். "உக்காருங்க. சண்டைக்கு வரலன்னு தெரியுது."

"நான் எழுதினதுல ஒரு வரி பொய்யிங்க்கா."

"அதுவும் தெரியும்மா."

"அப்பறம் ஏன் நீங்க மறுத்து ஒண்ணும் சொல்லல?"

பிலோமினா கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அம்மான்னு கூப்பிடச் சொல்லிப் பாப்பாவ நான் கட்டாயப்படுத்தல. ஆனா கூப்பிட மாட்டாளான்னு நெனச்சிருக்கேன். அதனால மறுக்க வாய் வரல." பிறகு சுகந்தியைப் பார்த்தாள். "உங்களுக்கு மட்டுந்தான் எரிச்சல்னு நெனைக்காதீங்க. எத்தன தலை பின்னிவிட்டாலும் ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் எத்தன நாளுன்னுதான் அவ கேப்பா. உங்க பஸ்ஸு எத்தன மணிக்குன்னு எனக்கே மனப்பாடம். வீட்டுக்குப் போயி அன்னிக்குச் சோறு எறங்காது எனக்கு."

உள்ளேயிருந்து டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சுகந்தி குழுமத்தின் முன் போய் நின்று, பொய் எழுதினேன் என்று சொன்னாள். உறுப்பினர் ஒருவர் கடுமையாகத் திட்டினார். இன்னொரு முறை நடந்தால் பிள்ளையைப் பார்க்கும் அனுமதியே போய்விடும் என்றார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். மிதுனாவும் மாடியில் நடந்ததை அதே வாரம் உள்ளபடி சொன்னாள். அதனால் இல்லத்தில் அவளுடைய காலம் ஆறு மாதம் கூடியது. அக்ஷிதாவின் பெற்றோர் மன்னிப்புக் கடிதத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். அது அவர்கள் உரிமை என்றாள் மிதுனா. அப்படிப் பேச அவளுக்கு எங்கே தெரிந்தது என்று சுகந்தி யோசித்தாள். யோசித்ததும் பதில் தெரிந்தது, மறுபடி காந்தியது.

பிலோமினா திரும்பி வந்தாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கி, மிதுனா மெல்ல மெல்லத் துண்டில்லாமல் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். புதிதாக வந்த ஒரு சின்னப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் என்று வார்டன் சொன்னார்.

ஒரு வருடம் கழிந்து மகள் வீட்டுக்கு வரும் நாள் நெருங்கியபோது, சுகந்தி டாக்டரிடம் போனாள்.

"எனக்கும் அந்தப் பட்டையப் போட்டு விடுங்க."

"எதுக்கும்மா?"

"அவங்க ரெண்டு பேருக்கும் தெரியறது எனக்கு மட்டும் தெரியாம இருக்குது. என்ற புள்ளய இன்னொருத்தி புரிஞ்சுக்கறா, நான் பாத்துட்டே நிக்கறேன். என்னால முடியலீங்க."

உண்மையைச் சொல்லிவிட்டாள் என்பதால் டாக்டர் ஷம்ஷாத் சிரிக்கவில்லை. "பெரியவங்களுக்கு மெதுவாத்தான் வரும். துணையாள் ஒருத்தர் வேணும்."

பிலோமினாவைத்தான் சொல்லப்போகிறார் என்று சுகந்தி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மிதுனா முன்னாடியே கேட்டிருக்கா. அம்மாவுக்குத் துணையாளா அவளே உட்கார்றேன்னா. புதுசாக் கத்துக்கிட்டவங்களோட துடிப்பு, கத்துக்கறவங்களுக்கு நல்லா ஒட்டுது. ரத்த சம்பந்தமும் இருக்கு."

அன்றைக்குப் பஸ் ஏறாமல் மூன்று நிறுத்தம் நடந்தே போனாள் சுகந்தி. அவ்வளவு சந்தோஷம். பிலோமினாவுக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைத்துவிட்டது.

மிதுனா வீட்டுக்கு வந்த பிறகு வாரம் இரண்டு நாள் தாயும் மகளும் பயிற்சி மையத்துக்குப் போய் அருகருகே உட்கார்ந்தார்கள். முதல் ஐந்து வாரம் சுகந்திக்குத் திரையில் முறைக்கிற முகங்களே தெரிந்தன. ஆறாம் வாரம் ஒரு கிழவரின் முகத்தைக் கண்டபோது அடிவயிற்றில் ஏதோ இழுத்தது. "வந்துருச்சு" என்று மிதுனா கைதட்டினாள்.

எட்டாம் வாரம், ஒரு ஞாயிறு காலை. பயிற்சி இல்லாத நாள், காதில் பட்டையும் இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பாத்துக்க" என்று மகளிடம் சொல்லிச் சுகந்தி துணி காயப்போடப் போனாள். திரும்பி வரும்போது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, தரையிலும் சொட்டிக்கொண்டிருந்தது. மிதுனா போனைக் கையில் வைத்தபடி பதறி எழுந்தாள்.

"எத்தன தடவ சொல்றது உனக்கு?" என்று குரலை உயர்த்தியபடி உள்ளே வந்த சுகந்தி, மகளின் முகத்தைப் பார்த்தாள்.

அகன்ற கண். ஏறிய புருவம். இழுபட்ட உதடு.

இந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வயதில் சிலேட்டை உடைத்தபோது இதே முகம். ஏழு வயதில் தகப்பன் எங்கே என்று கேட்டு நின்றபோது இதே முகம். மதிப்பெண் அட்டையை நீட்டும்போதெல்லாம் இதே முகம். என்னையே முறைக்கிறாயா, இத்தனை திமிரா என்று ஒவ்வொரு முறையும் கை ஓங்கியிருக்கிறாள். ஓங்க ஓங்க அந்த முறைப்பு அதிகமாகும். அதற்காக இன்னும் இரண்டு அடி விழும்.

இப்போது அடிவயிறு இழுத்தது. யாரும் எதையும் செலுத்தவில்லை, தானாகவே இழுத்தது. தன் வலது கை தோளுக்கு மேலே போயிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"எப்ப இருந்து?" என்றாள்.

"என்னம்மா?"

"இந்தப் பயம். என்னப் பாத்து."

மிதுனா அடுப்பை அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "தெரியலம்மா. ஞாபகம் இருக்கற வரைக்கும்."

"மினாக்காவுக்கு இது தெரியுமா?"

"மொத நாளே தெரிஞ்சிருச்சு. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

சுகந்தி கையை இறக்கினாள். பால் தீய்ந்து வாடை வந்தது. அடுப்பை அணைக்க மகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் அசையவில்லை. நின்ற இடத்திலேயே, ஈரத் தரையில், மெல்லக் கீழே உட்கார்ந்தாள். மகளின் முகம் தன்னைவிட உயரத்தில் இருக்கும்படி உட்கார்ந்து, அந்தப் புருவங்கள் இறங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் ஆயிற்று.